உயர்ரக சிடி பிளேயர் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டில் இரண்டு அலமாரி நிறையச் சிடிகள் இருக்கின்றன. முதல் சிடியை 1994-இல் வாங்கினேன். அன்று தொடங்கி ஆறு பிளேயர்கள் வந்துபோயிருக்கின்றன. அவற்றில் நான்கைத் திறந்து நானே பழுது பார்த்திருக்கிறேன். புதிய பிளேயருக்குப் பணம் சேர்த்துவைத்த நண்பர்கள், கடைக்குப் போவதற்கு முதல் நாள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

என்னிடம் சாதாரண சிடி பிளேயர் இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து உயர்ரகப் பிளேயர் வாங்கினால் ஒலி எவ்வளவு மாறும்?

கொஞ்சம்தான் மாறும். சில வீடுகளில் எதுவுமே மாறாது. ஒரு லட்சம் சிறிய தொகை அல்ல என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிடியில் இருப்பவை எண்கள். ஒரு நொடிக்கு 44,100 தடவை, இடம் வலம் இரண்டு பக்கத்துக்கும் ஒலியின் அளவை எடுத்து, ஒவ்வொன்றையும் 16 பிட் எண்ணாக, அதாவது பதினாறு இரும இலக்கங்களாகப் பதிந்திருக்கிறார்கள். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1980-இல் வகுத்த இந்த அளவு இன்றுவரை மாறவில்லை. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி சிடிபி-101 பிளேயரின் விலை 1,68,000 யென். எண்களை ஒலியாக மாற்றும் சில்லைச் செய்வதே அன்று பெரும்பாடாக இருந்தது. பிலிப்ஸ் தன் முதல் பிளேயரில் 14 பிட் சில்லைத்தான் வைத்தது. அதை நான்கு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு 16 பிட் தரத்தை எட்டியது. அவற்றைவிடத் துல்லியமான சில்லு இன்று நடுத்தர விலைப் பிளேயரிலேயே கிடைக்கிறது. காதுக்கு எட்டும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏற்ற இறக்கம் இல்லாமல் தருவதும், இரைச்சலைக் காதுக்கு எட்டாத ஆழத்தில் வைப்பதும் இப்போது கடினமான வேலைகள் அல்ல.

ஒரு விதிவிலக்கு உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய மலிவு டிவிடி பிளேயரின் சிவப்பு வெள்ளைத் துளைகளிலிருந்து நேராகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால், மாற்றம் நிச்சயம் தெரியும். அந்தப் பெட்டிகளில் பலவற்றில் ஒலிப் பகுதியைக் கடைசியாக, மிச்சமிருந்த காசில்தான் செய்திருப்பார்கள். அங்கிருந்து நல்ல நடுத்தரப் பிளேயருக்கு வருவது பெரிய படி. அதற்குமேல் ஒவ்வொரு படியின் உயரமும் குறைந்துகொண்டே போகும், விலை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் அந்த விலை எதற்காக?

பெரும்பங்கு இரும்புக்கும் இயந்திரத்துக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தட்டைச் சுழற்றும் பொறி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதற்காகவே ஒருவர் பணம் கொடுப்பதை என்னால் முழுமனதோடு ஏற்றுக்கொள்ள முடியும்.

சிடியை லேசர் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகப் படிக்கிறது. உள்வட்டத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்று. வெளிவிளிம்புக்குப் போகப் போக 200 அளவுக்குக் குறையும். தடத்துக்கும் தடத்துக்கும் இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. முழுத் தடத்தையும் நீட்டிப் போட்டால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும். தட்டு ஒருபோதும் முழுச் சமதளமாகவோ மையம் பிசகாமலோ இருப்பதில்லை. அது ஆடும் ஆட்டத்துக்கெல்லாம் ஈடுகொடுத்து, ஒரு குட்டி லென்ஸ் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஓயாமல் நகர்ந்து அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூடியைக் கழற்றிவைத்து அது வேலை செய்யும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். பழைய தட்டு என்றால் மெல்லிய முனகல் ஒன்று வரும்.

டியாக் நிறுவனத்தின் விஆர்டிஎஸ் அமைப்பில் தட்டை நடுத்துளையில் மட்டும் பிடிக்காமல், தட்டின் அளவே உள்ள சுழல்மேடையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறார்கள். தட்டின் வளைவு அதில் அடங்கிவிடுகிறது. அதே குடும்பத்தின் எசோடெரிக் பிளேயர்கள் இதற்காகவே பெயர் பெற்றவை. ஐரோப்பியப் பிளேயர்கள் பலவற்றுக்கு பிலிப்ஸின் சிடி-ப்ரோ2 பொறிதான் இதயமாக இருந்தது. அதன் தயாரிப்பு நின்றுபோன பிறகு உயர்ரகப் பிளேயர் செய்பவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நல்ல பொறி உள்ள பிளேயர் சத்தமில்லாமல் சுழலும், தேய்ந்த தட்டையும் விடாமல் படிக்கும், பல ஆண்டுகள் உழைக்கும். ஒலி தலைகீழாக மாறும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கடையில் இரண்டையும் மாற்றிமாற்றிப் போட்டுக் காட்டினார்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்ததே?

தெரிந்திருக்கும். நீங்கள் பொய் சொல்லவில்லை, உங்கள் காதும் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

சிடி பிளேயரின் வெளியீடு வழக்கமாக 2 வோல்ட் அளவில் இருக்கும். சில நிறுவனங்கள் 2.3, 2.5 என்று கூட்டி வைக்கின்றன. மூன்று முனை எக்ஸ்எல்ஆர் இணைப்பில் பெரும்பாலும் 4 வோல்ட் வரும். அது 6 டெசிபல் அதிகம். நம் காதுக்கு ஒரு குணம்: ஒலி ஒரு நூலளவு கூடினாலும் அதை 'சத்தம் அதிகம்' என்று உணராமல் 'தெளிவு அதிகம்', 'உயிரோட்டம் அதிகம்' என்று எடுத்துக்கொள்ளும். அரை டெசிபல் போதும், தம்புராவின் ஜீவா என்னும் ரீங்காரம் கூடுதலாக மின்னுவதுபோலவும் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி இன்னும் ஆழமாக இறங்குவதுபோலவும் தோன்ற.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம், செலவு ஒரு மல்டிமீட்டர் மட்டும். வெற்றுத் தட்டு ஒன்றில் 400 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுருதியைப் பதிந்து தயார்செய்யுங்கள். இதைவிட உயர்ந்த சுருதிகளில் மலிவு மல்டிமீட்டர்கள் தடுமாறும். அதை முதல் பிளேயரில் ஓடவிட்டு, மிதமான ஒலியளவில் ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பிளேயரிலும் அதே வோல்ட் வரும்வரை ஆம்ப்ளிஃபயரின் ஒலிக் குமிழைத் திருப்புங்கள். வேறுபாடு நூற்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும், ஏறக்குறைய 0.1 டெசிபல். இரண்டு நிலைகளுக்கும் குமிழ் ஓரத்தில் சின்னக் காகித அடையாளம் ஒட்டிவிடலாம். பிறகு ஒரே சிடியின் இரண்டு பிரதிகளை இரண்டிலும் போட்டு, வீட்டில் யாரையாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று நாணயம் சுண்டி மாற்றச் சொல்லுங்கள். எது ஓடுகிறது என்று நீங்கள் தாளில் எழுதிக்கொண்டே வரவேண்டும்.

நானும் என் மைத்துனரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதைச் செய்தோம். அவர் வாங்க நினைத்த உயர்ரகப் பிளேயர் ஒரு பக்கம், என் நடுத்தரப் பிளேயர் மறுபக்கம். பதினாறு தடவையில் அவர் சரியாகச் சொன்னது ஒன்பது, நான் சொன்னது ஏழு. நாணயம் சுண்டிப் பார்த்தாலும் அதுதான் வரும். காலையில், எது ஓடுகிறது என்று தெரிந்து கேட்டபோது இருவருக்குமே வித்தியாசம் 'தெளிவாக'க் கேட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, அந்தப் பணத்தை வேறு எதில் போட்டால் பலன் தெரியும்?

அறையிலும் ஸ்பீக்கரிலும். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நம் ஊர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் சிமெண்டுச் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே வழவழப்பான டைல்ஸ். மேலை நாட்டு ஒலிப் பத்திரிகைகளில் எழுதுபவர்களின் அறையில் பல நேரம் மரத்தரையும் கம்பளமும் மெத்தை நாற்காலிகளும் இருக்கும். அவர்கள் எழுதும் நுணுக்கங்களை நம் கூடத்தில் தேடினால் கிடைக்காது. நடுக்கூடத்தில் நின்று ஒரு கை தட்டுங்கள். 'டங்' என்று ஒரு வால் நீண்டு அடங்குகிறதா? ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லுக்கும், ஒவ்வொரு மிருதங்க அடிக்கும் அந்த வால் ஒட்டிக்கொள்கிறது. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய பிளேயராலும் அதை வெட்ட முடியாது.

தடித்த பருத்தித் திரைச்சீலை, ஸ்பீக்கருக்கும் நமக்கும் இடையே தரையில் நல்ல கனமான பவானி ஜமக்காளம் ஒன்றிரண்டு மடிப்பாக, பின்சுவரில் ஒழுங்கில்லாமல் அடுக்கிய புத்தக அலமாரி. இவை மூன்றும் சேர்ந்து செய்த மாற்றத்தை என் எந்தக் கருவியும் செய்ததில்லை. பிறகு ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னால் இழுங்கள். மூலையில் திணித்த ஸ்பீக்கரில் கீழ்ச்சுருதி வீங்கிவிடும். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்கள் உட்காரும் இடமும் ஏறக்குறைய சம பக்க முக்கோணமாக அமையட்டும். இதற்கெல்லாம் ஒரு மாலை போதும்.

மின்விசிறியையும் சொல்ல வேண்டும். சிடியின் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளி கணக்கில் உண்டு. தலைக்குமேல் விசிறி சுற்ற, தெருவில் ஆட்டோ ஓட, அந்த இடைவெளியின் கீழ்ப்பாதியை நாம் கேட்பதே இல்லை. பழைய விசிறியை எடுத்துவிட்டுச் சத்தமில்லாத விசிறி மாட்டுவதும் ஸ்டீரியோவை மேம்படுத்துவதுதான்.

இவற்றுக்குப் பிறகும் பணம் இருந்தால் ஸ்பீக்கரை மாற்றுங்கள். ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரும் நாணயமும் தேவைப்படாது. அடுத்த அறையிலிருந்தே கேட்கும்.

டிரான்ஸ்போர்ட், டிஏசி என்று தனித்தனிப் பெட்டியாக வாங்குவது நல்லதா?

தட்டைப் படிக்கும் பெட்டி டிரான்ஸ்போர்ட். எண்களை ஒலியாக்கும் பெட்டி டிஏசி. உங்கள் ஆம்ப்ளிஃபயரிலேயே டிஏசி இருந்தால் டிரான்ஸ்போர்ட் மட்டும் வாங்குவது சிக்கனம். கேம்பிரிட்ஜ் ஆடியோவின் சிஎக்ஸ்சி, ஆடியோலேபின் 6000சிடிடி போன்றவை இதற்கென்றே வந்தவை. பழைய பிளேயரின் பின்னால் டிஜிட்டல் வெளியீடு இருந்தால், அதையே டிரான்ஸ்போர்ட்டாக வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று மின்சார முனகல் கேட்கும் வீடுகளில் ஒளி வழியாகத் தகவல் அனுப்பும் ஆப்டிகல் கம்பி நல்லது. அதில் உலோகத் தொடர்பே இல்லாததால், அந்த வழியாக முனகல் வர முடியாது.

விலை உயர்ந்த கேபிள்?

வேண்டாம். முனைகள் இறுக்கமாகப் பொருந்த வேண்டும், துரு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) படிக்கும் பிளேயராகப் பார்த்து வாங்கலாமா?

உங்களிடம் எஸ்ஏசிடி தட்டுகள் இருந்தால் வாங்குங்கள். 1999-இல் வந்த இந்த வகைத் தட்டில் பதிவுமுறையே வேறு. பெரும்பாலானவற்றில் சாதாரண சிடி அடுக்கும் சேர்ந்தே இருப்பதால் எந்தப் பிளேயரிலும் ஓடும். ஆனால் எஸ்ஏசிடி அடுக்கைச் சாதாரண டிஜிட்டல் கம்பி வழியாக வெளி டிஏசிக்கு அனுப்ப முடியாது.

ஒலிக்காக மட்டும் என்றால் ஒரு சோதனையைத் தெரிந்துகொள்ளுங்கள். பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் 2007-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் அதை வெளியிட்டார்கள். எஸ்ஏசிடி போன்ற உயர்தரப் பதிவை ஒரு தடவை அப்படியே கேட்கவைத்தார்கள், ஒரு தடவை சிடியின் 16 பிட், 44,100 அளவுக்குள் புகுத்தி எடுத்துக் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 276. பாதிக்கும் ஒன்று குறைவு. இதன்மேல் வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. என் அனுபவம் இதன் பக்கம்தான் நிற்கிறது.

ஒரே பாட்டு ஒரு சிடியில் இனிமையாகவும் இன்னொரு சிடியில் காதைக் குத்துவதாகவும் இருக்கிறது. பிளேயர் கோளாறா?

அல்ல, தட்டு வேறு. எதைப் போடுகிறோம் என்பது எதில் போடுகிறோம் என்பதைவிடப் பல மடங்கு முக்கியம். 1990-களின் பிற்பகுதியிலிருந்து பல வெளியீடுகளில் மெல்லிய பகுதிகளையும் உரத்த பகுதிகளின் மட்டத்துக்குத் தூக்கிப் பதியும் வழக்கம் வளர்ந்தது. பழைய பாட்டை 'மறுசீரமைத்த பதிப்பு' என்று விற்கும்போதும் இதைச் செய்கிறார்கள். முதல் பதிப்புச் சிடி பழைய கடையில் கிடைத்தால் விடாதீர்கள்.

நம் திரைப்பாடல் தொகுப்புகளில் சில, மூல நாடா இல்லாமல் எல்பி தட்டிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஊசியின் கீறல் ஓசை கேட்கும். இன்னும் சில எம்பி3 கோப்பை மறுபடி சிடி வடிவுக்கு மாற்றி அடித்தவை. அவற்றில் போன ஒலி போனதுதான்.

1980-களின் சில தட்டுகளில், குறிப்பாக ஜப்பான் அச்சுகளில், மேல்சுருதிகளை வேண்டுமென்றே தூக்கிப் பதிந்திருப்பார்கள். பிளேயர் ஒரு குறியைப் படித்து அதைத் தாழ்த்திக்கொள்ளும். கணினியில் நகலெடுக்கும்போது மென்பொருள் அந்தக் குறியைக் கவனிக்காமல் விட்டால், நகல் மட்டும் காதைக் கிழிக்கும்.

கீறல் விழுந்த தட்டை உயர்ரகப் பிளேயர் நன்றாகப் படிக்குமா?

பொதுவாக ஆம், ஓரளவுக்கு. தட்டிலேயே பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு. தடத்தின் நீளவாக்கில் இரண்டரை மில்லிமீட்டர் வரை தகவல் அழிந்தாலும் மீட்டுவிடும். அதனால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் போகும் கீறல் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. தடத்தோடு ஒட்டி வளைந்து போகும் கீறல்தான் ஆபத்து. தட்டைத் துடைக்கும்போதும் வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து வெளியே நோக்கித் துடையுங்கள்.

பளபளக்கும் பக்கத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்பவர்கள் பெயர் அச்சடித்த பக்கத்தைத் தரையில் தேய்த்துவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் மென்மையான பக்கம். தகவல் படலம் அந்த அச்சுக்கு அடியில், மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. மறுபக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கவசம் உண்டு. மேல்பக்கம் உரிந்த தட்டை எந்தப் பிளேயரும் காப்பாற்றாது.

1990-களின் உயர்ரகப் பிளேயர் ஒன்று பழையதாக, பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

ஆசையாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. 2011-இல் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் ஐரோப்பிய உயர்ரகப் பிளேயர் ஒன்றை வாங்கினேன். பதினோரு மாதம் ஓடியது. ஒருநாள் தட்டு இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது, லேசர் தேய்ந்திருந்தது. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். அந்தப் பாகம் இப்போது இல்லை என்று பதில் வந்தது. பதினெட்டுக் கிலோ எடையுள்ள அந்தப் பெட்டியை இன்னும் வைத்திருக்கிறேன். தூக்கிப்போட மனம் வரவில்லை.

ஆகவே முதல் கேள்வி: உள்ளே எந்த லேசர்? சோனியின் கேஎஸ்எஸ்-213 போன்ற பரவலான பாகம் என்றால் சென்னை ரிச்சி தெருவில் தேடினால்கூடக் கிடைக்கும், ஆனால் போலிகளும் நிறைய. அரிய பொறி என்றால் விற்பவரிடம் மாற்று லேசரும் சேர்த்துக் கேளுங்கள். அடுத்து, ஒரு மணி நேரம் சூடாக ஓடவிட்டு, நீளமான தட்டின் கடைசிப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். தளர்ந்த லேசர் அங்கேதான் திணறும். தட்டு வைக்கும் இழுப்பறை தயங்கித் தயங்கி வந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் வார் இளகியிருக்கும், சில பத்து ரூபாயில் மாற்றிவிடலாம்.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான பிளேயர்கள் 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும். பின்பக்கத்தில் அச்சிட்ட எண்ணைப் படிக்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

நம் ஊர் வெக்கையும் ஈரமும் பிளேயரைப் பாதிக்குமா?

பாதிக்கும். உள்ளிருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுவியலில் வழக்கமான கணக்கு. பிளேயரைச் சூடான ஆம்ப்ளிஃபயரின் தலையில் வைக்காதீர்கள். ஏசி அறையில் வைத்திருப்பவர்கள் ஏசியை நிறுத்திச் சன்னலைத் திறந்ததும், குளிர்ந்த லென்ஸில் கடற்காற்றின் ஈரம் பனிபோலப் படியும். அரைமணி நேரம் பொறுத்துப் போடுங்கள். காற்றுத் துளைகளுக்கு உட்புறம் மெல்லிய வலை ஒட்டுவது என் வழக்கம். ஒரு பிளேயரின் மின்சாரப் பகுதியில் பல்லி புகுந்து, அதுவும் செத்து, ஃபியூஸும் போனதைக் கண்ட பிறகு தொடங்கிய பழக்கம்.

எம்பி3 தட்டுகள் உயர்ரகப் பிளேயரில் ஓடுமா?

பலவற்றில் ஓடாது. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது சிடி பிளேயரே எதற்கு?

எல்லாம் கிடைப்பதில்லை. என் அலமாரியில் சிறிய நிறுவனங்கள் வெளியிட்ட கர்நாடக இசைக் கச்சேரித் தட்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பாதியை இணையத்தில் நான் கண்டதில்லை. கிடைப்பவற்றிலும் பக்கவாத்தியக்காரர்களின் பெயர் இருப்பதில்லை. சிடியின் உள்தாளில் ராகம், தாளம், வயலின் யார், கடம் யார் என்று எல்லாம் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது எனக்கு இசையின் பகுதி. தட்டுகளைக் கணினியில் ஃப்ளாக் என்னும் கோப்பு வடிவில் நகலெடுத்தும் வையுங்கள்; ஒரு பிட்கூடக் குறையாது, தட்டு கெட்டாலும் இசை இருக்கும்.

நீங்கள் இப்போது எதில் கேட்கிறீர்கள்?

மராண்ட்ஸ் சிடி6007-இல். நடுத்தர விலைப் பிளேயர். மிச்சம் பிடித்த பணத்தில் ஸ்பீக்கர் மாறியது, கூடத்துக்குத் திரைச்சீலை வந்தது, விசிறியும் மாறியது. மைத்துனர் கடைசியில் அந்த உயர்ரகப் பிளேயரையே வாங்கினார். அதன் இழுப்பறை திறந்து மூடும் அழகுக்காகவே வாங்கியதாகச் சொன்னார். அது நல்ல காரணம் என்றே நான் நினைக்கிறேன்.